1994 அமெரிக்கத் துப்பாக்கித் தடை: பழைய உரிமையாளர்கள் சொல்வதில் எது சரி?

ஆயர்ஈத்தாம்_வாசு எழுதியது:

வணக்கம் அனைவருக்கும். பினாங்கில் ஒரு தமிழ் விவாத மேடைக்கு மாணவர்களுக்குக் குறிப்பு தயார் செய்ய வேண்டியிருக்கிறது. தலைப்பு, "1994-இன் அமெரிக்கத் துப்பாக்கித் தடை வெறும் கண்துடைப்பு". அந்தப் பத்தாண்டைப் பார்த்த அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்கள் இப்போது சொல்வதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரு சாரார் "பயோனெட் மாட்டுற கொக்கியை எடுத்தோம், அவ்வளவுதான் தடை" என்று சிரிக்கிறார்கள். இன்னொரு சாரார் "ஒரு மேகசினுக்கு யானை விலை கொடுத்தோம்" என்று புலம்புகிறார்கள். (பயோனெட் என்பது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, மேகசின் என்பது தோட்டா அடுக்கும் பெட்டி.) ஒரே சட்டம், இரண்டு பேச்சு. உண்மையில் எதைத் தடுத்தது? ஏற்கெனவே கையில் இருந்த துப்பாக்கிகள் என்ன ஆயின? 2004-இல் ஏன் போனது? நம் நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசலாமா? இதில் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

---

செந்தூல்_இரும்புப்பட்டறை எழுதியது:

இரண்டு பேர் சொல்றதும் சரிதான் தம்பி. சிரிக்கிறவர் ரைஃபிளைப் பத்திப் பேசுறார், புலம்புறவர் மேகசினைப் பத்திப் பேசுறார். சட்டத்துல அது ரெண்டும் தனித்தனிப் பிரிவு. நான் ரைஃபிளைச் சொல்றேன், மேகசினை வேற யாராவது சொல்லட்டும்.

முதல்ல ஒரு சிக்கலை அவிழ்க்கணும். இந்தத் தடை பட்டாளத்துத் தானியங்கித் துப்பாக்கியைப் பத்தினது இல்ல. விசையை அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து சுடுற சாமானுக்கு அங்க 1934-லயே வரியும் பதிவும் வந்தாச்சு. 1986 மே மாசத்தோட பொதுமக்களுக்குப் புதுசாப் பதிவு செய்யுற வழியும் அடைஞ்சு போச்சு. 1994 சட்டம் தொட்டது ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டா போற அரைத் தானியங்கி வகையை மட்டும். "மெஷின் கன்னைத் தடை செஞ்சாங்க"ன்னு உங்க பிள்ளைங்க மேடையில சொன்னா, எதிரணி அந்த ஒரு வார்த்தையிலயே ஜெயிச்சிரும்.

பிடிக்க ரெண்டு வலை போட்டாங்க. ஒண்ணு பேர்ப் பட்டியல். கோல்ட் ஏ.ஆர்-15, நோரின்கோ மாதிரி சில கம்பெனிகளோட ஏகே வகைகள், ஊஸி, கேலில், எஃப்.என். எஃப்.ஏ.எல்., ஸ்டெய்ர் ஏ.யு.ஜி., டெக்-9, ஸ்ட்ரீட் ஸ்வீப்பர் மாதிரி சுழல் உருளை ஷாட்கன்னுன்னு 19 பேரு. இன்னொண்ணு உறுப்பு எண்ணிக்கை. ரைஃபிள்னா, கழட்டி மாட்டுற மேகசின் இருக்கணும், அதுக்கு மேல இந்த அஞ்சுல ரெண்டாவது இருக்கணும்: மடக்குற இல்ல நீட்டிச் சுருக்குற பின்கட்டை, கீழே துருத்திக்கிட்டு நிக்கிற பிஸ்டல் பிடி, பயோனெட் கொக்கி, ஃபிளாஷ் ஹைடர் (அதை மாட்டத் தோதா மரை போட்ட குழலும் இதுல சேரும்), கிரனேட் லாஞ்சர். ரெண்டு இருந்தா தடை, ஒண்ணு இருந்தா சரி.

இப்ப ஏ.ஆர்-15-ஐ எடுத்து வெச்சு எண்ணிப் பாருங்க. அதோட அமைப்புப்படி பிஸ்டல் பிடியை எடுக்க முடியாது, கை வைக்கிற இடமே அதுதான். ஆக ஒரு உறுப்பு அங்கேயே செலவு. மிச்சம் எதையும் வெச்சுக்க முடியாது. அதனால தயாரிப்பாளருங்க கொக்கியை எடுத்தாங்க, மரையை எடுத்தாங்க, கட்டையை நிலையா வெச்சாங்க, பேரை மாத்தினாங்க. கோல்ட் "மேட்ச் டார்கெட்"னு வித்தது இப்படித்தான். உள்ளே போல்ட், விசை, தோட்டா எல்லாம் அதே. டெக்-9 கம்பெனி இன்னும் வெளிப்படை, குழல் முனை மரையை எடுத்துட்டு "ஏபி-10"னு பேர் வெச்சாங்க. தடைக்குப் பிறகுன்னு அர்த்தமாம். சிரிப்பு வருதா இல்லையா?

எஸ்கேஎஸ் ரைஃபிள் இதுக்கு நேர் எதிர். பயோனெட் கத்தியே கூடப் பிறந்தது. ஆனா 10 தோட்டா நிலைப்பெட்டி, கழட்ட முடியாது. முதல் நிபந்தனையே பொருந்தல, அதனால கத்தியோட அப்படியே விக்கலாம். ரூகர் மினி-14 சாதாரண மரக்கட்டையோட இருந்தா சட்டத்தோட பின்னிணைப்புல விலக்குப் பட்டியல்லயே இருந்தது. ஏ.ஆர் சுடுற அதே .223 தோட்டா, அதே மாதிரி கழட்டுற மேகசின். இதைத்தான் பழைய ஆளுங்க இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

அவங்க பேச்சுல அடிக்கடி வர்ற இன்னொரு தலைவலி மசில் பிரேக். ஃபிளாஷ் ஹைடர் குழல் வாயில வர்ற தீப்பிழம்பைச் சிதறடிக்கும். பிரேக் வாயுவைப் பக்கவாட்டுல திருப்பி உதைப்பைக் குறைக்கும். பார்வைக்கு ரெண்டும் துளை போட்ட குழாய்தான். பிரேக்குக்குத் தடை இல்ல, ஆனா மரை தெரியக் கூடாது. அதனால நிரந்தரமா ஒட்டணும். பற்றவைப்பு, ஆணி அடிச்சு அதன் தலையை மூடிப் பற்றவைக்கிறது, இல்லன்னா 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல உருகுற வெள்ளிப் பற்றாசு, இந்த மூணைத்தான் அங்கத்தக் கூட்டரசு அமைப்பு ஏத்துக்கிச்சு. மரைப் பசை போட்டு இறுக்கினது கணக்குல வராது. பட்டறைக்காரன் கண்ணுக்கு இது நியாயமான கண்டிப்புதான். சூட்டுல இளகுற பிடிப்பை நிரந்தரம்னு எவன் சொல்வான்?

பிஸ்டலுக்கும் ஷாட்கன்னுக்கும் தனிப் பட்டியல் உண்டு. பிஸ்டல்ல மேகசின் கைப்பிடிக்கு வெளியே மாட்டுறது, 50 அவுன்ஸுக்குக் குறையாத எடை (சுமார் 1.4 கிலோ), குழலைச் சுத்தி உறை, இப்படிப் போகும். விவாதத்துக்கு ரைஃபிள் போதும்.

---

பழைய_சட்டப்புத்தகம் எழுதியது:

அண்ணன் விட்ட இடத்திலிருந்து.

சட்டம் கையெழுத்தானது 1994 செப்டம்பர் 13. அந்தத் தேதிதான் எல்லாவற்றுக்கும் கோடு. அன்று சட்டப்படி கையில் இருந்த துப்பாக்கியை வைத்திருக்கலாம், விற்கலாம், மகனுக்குக் கொடுக்கலாம். பதிவு கிடையாது, ஒப்படைப்பு கிடையாது. "பிடுங்கிக்கொண்டு போனார்கள்" என்று யாராவது எழுதினால் அது அங்கே நடக்கவில்லை. 1996-இல் போர்ட் ஆர்தர் சம்பவத்துக்குப் பின் ஆஸ்திரேலியா செய்தது அது. சுமார் 6,50,000 துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கோட்டால் ஒரே மாதிரியான இரண்டு ரைஃபிள்களுக்கு இரண்டு விலை வந்தது. தடைக்கு முந்தியது என்றால் கொக்கி, மடக்குக் கட்டை எல்லாம் இருக்கலாம், விலையும் கூடுதல். இங்கே பலர் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. ரிசீவர் எனப்படும் உடற்பகுதி மட்டும் கோட்டுக்கு முன் தயாரானது என்பது போதாது. அந்தத் தேதிக்கு முன்பே அது முழுத் துப்பாக்கியாக, தடைக்குரிய உறுப்புகளோடு சேர்ந்து இருந்திருக்க வேண்டும், அல்லது முழுத் தொகுதியாக ஒருவர் கையில் இருந்திருக்க வேண்டும். வெற்று உடற்பகுதியை 1994-க்கு முன் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, 1996-இல் மடக்குக் கட்டையும் ஃபிளாஷ் ஹைடரும் மாட்டினால் அது புதிதாகத் தயாரித்ததாகிவிடும். தண்டனை 5 ஆண்டு வரை சிறை. அதனால்தான் தொடர் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் "இது எந்தத் தேதியில், எந்த வடிவில் வெளியே போனது" என்று கடிதம் வாங்கி வைப்பது அப்போது வழக்கமானது.

இப்போது மேகசின். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் எதுவும், எளிதில் அப்படி மாற்றக்கூடியதும் தடை. .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா வகை ரைஃபிளில் நிலையாக இருக்கும் குழாய்ப்பெட்டிக்கு மட்டும் விலக்கு. இந்தப் பிரிவு தோற்றத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தது. அதனால் பேர் மாற்றித் தப்பிக்க வழியில்லை. 17 தோட்டா கொள்ளும் பிஸ்டலைப் புதிதாக வாங்கினால் பெட்டிக்குள் 10 தோட்டா மேகசின்தான் வரும். பழைய 17 தோட்டா மேகசினின் விலை பல மடங்கு ஏறியது. சில விற்பனையாளர்கள் போலீஸ் இலாகாக்களுக்குப் புதுத் துப்பாக்கி கொடுத்து, அவர்களின் பழைய மேகசின்களை எடுத்துக்கொண்டார்கள். தடைக்கு முந்தியவை என்பதால் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்க முடிந்தது.

புதிதாகப் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் செய்த பெரிய மேகசின்களில் தேதியும், காவல்துறை, அரசுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற எழுத்தும் பொறிக்க வேண்டும். சட்டத்தில் ஒரு விநோதம்: அந்தப் பொறிப்பு இல்லாத மேகசின் பழையது என்றே முதலில் கருதப்படும், இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அரசு. பழைய மேகசின் சந்தை உயிரோடு இருந்ததற்கு இது பெரிய காரணம். 2004-க்குப் பிறகு அந்தப் பொறிப்புக்குக் கூட்டரசுச் சட்டத்தில் பொருளே இல்லாமல் போனது. எழுத்தோடு உள்ள மேகசினையும் சாதாரண ஆள் வாங்கலாம்.

பழைய மேகசினையே வருடக்கணக்கில் உருட்டியதில் இயந்திரக் கோளாறும் வந்தது. அலுமினியப் பெட்டியின் மேல் உதடு விரியும், ஒரே நேரத்தில் இரண்டு தோட்டா ஏறிச் சிக்கும். சுருள் தளர்ந்தால் கடைசித் தோட்டாக்கள் மேலே வராது. சுருளை மாற்றலாம், விரிந்த உதட்டை நம்பிப் பயன்படுத்த முடியாது.

இன்னொரு விளைவை யாரும் திட்டமிடவில்லை. 10-தான் உச்சம் என்றால் பெரிய பிஸ்டல் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1995-இல் வந்த குளோக் 26 கைக்குள் அடங்கும் அளவு, 10 தோட்டா. சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகும் சிறு பிஸ்டல்களின் சந்தை வளர்ந்ததில் இந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு.

(ஆயர் ஈத்தாம்காரர் துப்பாக்கி பற்றிக் கேட்பது பொருத்தம்தான். பாடாங் தெம்பாக் ஃபிளாட் நிற்கும் இடமே ஒரு காலத்தில் சுடும் திடல்.)

---

கிள்ளான்லாமா_மணி எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம், யாரும் கோவிச்சுக்காதீங்க. வெளிநாட்டு ஏகே, ஊஸி எல்லாம் 1994-ல தான் நின்னுச்சுன்னு இதைப் படிக்கிறவங்க நெனச்சிருவாங்க. 1989 ஜனவரியில ஸ்டாக்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சு பிள்ளைங்க செத்ததுக்கு அப்புறம், அதே வருஷம் பெரிய புஷ் ஆட்சியிலயே 43 வகை ரைஃபிளுக்கு இறக்குமதியை நிறுத்திட்டாங்க. அது இன்னைக்கும் இருக்கு, 2004-ல போகல. 1998-ல கிளின்டன் இன்னும் 58 வகையை நிறுத்தினார். 1994 மே மாசம் சீனத் துப்பாக்கி, தோட்டா இறக்குமதியும் நின்னுச்சு, அது வேற உத்தரவு.

இதுல இருந்துதான் "பாகம் எண்ணுறது" ஆரம்பம். இறக்குமதி செய்யக் கூடாத ரைஃபிளை உள்நாட்டுல வெளிநாட்டுப் பாகத்தை வெச்சு ஒட்டக் கூடாதுன்னு ஒரு விதி. 20 பாகம் கொண்ட பட்டியல் இருக்கு, அதுல 10-க்கு மேல வெளிநாட்டுச் சாமான் இருக்கக் கூடாது. ஏகே வெச்சிருந்தவங்க விசை, கட்டை, கைப்பிடின்னு அமெரிக்கப் பாகமா மாத்தி மாத்திக் கணக்குப் போட்டாங்க. மேகசினோட உடம்பு, உள்தட்டு, அடித்தட்டு மூணும் தனித்தனிப் பாகம். வெளிநாட்டு மேகசினை மாட்டினா கணக்கு எகிறிரும். பழைய ஆளுங்க "தடை காலத்துல"ன்னு சொல்லும்போது இந்த ரெண்டு விதியையும் கலந்துதான் சொல்லுவாங்க. கலிஃபோர்னியாக்காரங்கன்னா மூணாவதும் சேரும். அங்க 1989-லயே மாநிலத் தடை, 2000 ஜனவரி 1-ல இருந்து ரெண்டு உறுப்புக்குப் பதிலா ஒண்ணு இருந்தாலே தடை. அதனால யார் பேசுறாங்க, எந்த மாநிலம், எந்த வருஷம்னு பார்த்துட்டு மேற்கோள் காட்டுங்க.

---

ஆயர்ஈத்தாம்_வாசு எழுதியது:

மிக்க நன்றி. இப்போது படம் தெளிவாகிறது. எதிரணி "தடை இருந்த பத்தாண்டில் குற்றம் குறைந்தது" என்று எண்களோடு வரும். அதற்கு என்ன சொல்வது? இன்னொன்று, மேடையில் காட்ட ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கி) ஏ.ஆர்-15 ஒன்று கிடைத்தால் உறுப்புகளைக் காட்டி விளக்கலாம் என்று மாணவர் ஒருவர் சொல்கிறார். சரிவருமா?

---

பாயான்லெப்பாஸ்_கோமதி எழுதியது:

எண்களை நான் சொல்கிறேன், ஏர்சாஃப்ட் விஷயத்தை சட்டப்புத்தகம் ஐயா சொல்லட்டும்.

குற்றம் குறைந்தது உண்மை. ஆனால் 1990-களில் அமெரிக்காவில் எல்லா வகை வன்முறையும் குறைந்தது, இந்தத் துப்பாக்கி சம்பந்தப்படாதவையும் சேர்த்து. ஆகவே அதைத் தடையின் கணக்கில் எழுத முடியாது. அரசு நிதியில் கிறிஸ்டோஃபர் கோப்பர் குழு 2004-இல் கொடுத்த ஆய்வுதான் இரு அணியும் தூக்கும் ஆயுதம். தடைக்கு முன் துப்பாக்கிக் குற்றங்களில் இந்த வகைத் துப்பாக்கிகளின் பங்கு 2 முதல் 8 விழுக்காடுதான், அதிலும் பெரும்பாலும் டெக்-9 மாதிரி பிஸ்டல்கள். பெரிய மேகசின் உள்ள துப்பாக்கிகளின் பங்கு 14 முதல் 26 விழுக்காடு. இந்த இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே எந்தப் பிரிவுக்கு வேலை செய்யும் வாய்ப்பு அதிகம் இருந்தது என்று தெரியும்.

தடைக்குப் பின் குற்றங்களில் இந்தத் துப்பாக்கிகள் குறைந்தன. மேகசின் குறையவில்லை, காரணம் மேலே சொன்ன பழைய சரக்கு. 1994-இல் இந்த வகைத் துப்பாக்கிகளே 15 லட்சம் அளவில் மக்களிடம் இருந்தன. மேகசின் அதைவிட எத்தனையோ மடங்கு, போதாக்குறைக்கு வெளிநாட்டிலிருந்து பழைய மேகசின்களை இறக்குமதி செய்யவும் வழி இருந்தது. அந்த இருப்பு தீருவதற்குள் பத்தாண்டு முடிந்துவிட்டது. வன்முறையில் விளைவு இருந்தாலும் அளக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம் என்பது ஆய்வின் முடிவு. இதை "தடை தோற்றது" என்று ஓர் அணி வாசிக்கும், "தடைக்கு நேரமே கொடுக்கவில்லை" என்று மற்ற அணி வாசிக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவது வாசிப்பு மேகசினுக்குப் பொருந்தும், ரைஃபிள் உறுப்புப் பட்டியலுக்குப் பொருந்தாது. நூறு ஆண்டு ஓடியிருந்தாலும் கொக்கி இல்லாத ரைஃபிள் அதே ரைஃபிள்தான்.

"கண்துடைப்பு" என்று வாதாடும் பிள்ளைகள் மேகசின் பிரிவைத் தொடாமல் போனால் நடுவர் பிடித்துக்கொள்வார். அதைத் தாங்களே எடுத்து, பழைய சரக்குக்குக் கொடுத்த விலக்குதான் அதன் பல்லைப் பிடுங்கியது என்று வாதாடச் சொல்லுங்கள்.

2004 கதை சுருக்கமாக: பத்தாண்டுக்குப் பின் தானாகக் காலாவதியாகும் என்ற விதி சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சமரசம் இல்லாமல் நிறைவேறியிருக்காது, 1994 மே மாதம் கீழவையில் தேறியதே 216க்கு 214. 2004 மார்ச் 2-இல் நீட்டிப்புத் திருத்தம் மேலவையில் 52க்கு 47 என்று ஜெயித்தது. ஆனால் அதைத் துப்பாக்கித் தயாரிப்பாளர்களை வழக்கிலிருந்து காக்கும் மசோதாவில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய பிறகு அந்த மசோதாவை இரு தரப்பும் கைகழுவ, 90க்கு 8 என்று விழுந்தது. செப்டம்பர் 13-இல் தடை முடிந்தது. "மகன் புஷ் தடையை நீக்கினார்" என்று எழுதாதீர்கள், நீக்க ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிறகு 2013 ஏப்ரலில் மேலவையில் 40க்கு 60 என்று தோற்றது, 2022 ஜூலையில் கீழவையில் 217க்கு 213 என்று தேறி மேலவையில் நின்றுவிட்டது.

---

பழைய_சட்டப்புத்தகம் எழுதியது:

ஏர்சாஃப்ட் வேண்டவே வேண்டாம். பிள்ளையிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அசலைப் போலத் தெரியும் போலித் துப்பாக்கியையும் நம் சட்டம் சும்மா விடுவதில்லை. இணையத்தில் ஆர்டர் போட்டால் பார்சல் சுங்கத்திலேயே மாட்டும், பிறகு பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) அலைய வேண்டியதுதான்.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். நம் 1960 ஆயுதச் சட்டத்தில் கொக்கி, கட்டை என்று எண்ணும் வேலை கிடையாது. ஏர் கன், ஏர் பிஸ்டல் உட்பட எல்லாமே ஆயுதம், தனியாக ஒரு பாகம் இருந்தாலும் ஆயுதம். அங்கே கேள்வி "இந்தத் துப்பாக்கியில் என்ன மாட்டியிருக்கிறது?" இங்கே கேள்வி "உனக்கு லைசன் இருக்கிறதா, எதற்கு?" கொடுப்பதும் மறுப்பதும் போலீஸ் கையில். காட்டுப்பன்றி, குரங்கு தொல்லை உள்ள தோட்டக்காரர் ஷாட்கன்னுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் உரிமை என்று கேட்க முடியாது. லைசன் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971-இன் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. அந்தச் சட்டத்தின் அட்டவணையிலுள்ள குற்றம் ஒன்றைச் செய்யும்போது சுட்டால் முன்பு கட்டாய மரண தண்டனை. 2023 ஜூலை முதல் கட்டாயம் என்பது போய் நீதிபதியின் முடிவாகியிருக்கிறது.

ஆகவே "மலேசியாவில் தடை வேலை செய்கிறது, அங்கே ஏன் செய்யவில்லை" என்ற வாதம் நிற்காது. 1994-இல் அமெரிக்காவில் துப்பாக்கி ஏற்கெனவே கோடிக்கணக்கில் வீடுகளில் இருந்தது. இங்கே தொடக்கமே பூட்டிய கதவு.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவுக்கோ தாய்லாந்துக்கோ போய்ச் சுடும் திடலில் சுட்டுவிட்டு, நினைவுக்காக ஒரு வெற்று மேகசினைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அங்கே அது கடைச் சாமான், இங்கே ஆயுதத்தின் பாகம்.

---

செந்தூல்_இரும்புப்பட்டறை எழுதியது:

மேடைக்கு அட்டை போதும் தம்பி. ஏ1 தாள்ல ரைஃபிளைப் பக்கவாட்டா வரைஞ்சு கெட்டி அட்டையில ஒட்டுங்க. பின்கட்டை, கைப்பிடி, கொக்கி, குழல்முனை, மேகசின் இந்த அஞ்சையும் தனியா வெட்டி, பின்னால வெல்க்ரோ. ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே "இப்ப சட்டப்படி சரியா?"ன்னு சபையைக் கேக்கச் சொல்லுங்க. கைப்பிடியைக் கடைசி வரைக்கும் எடுக்க விடாதீங்க, கணக்கே அதுலதான் இருக்கு. மேகசினுக்கு ரெண்டு நீளம் வெட்டுங்க, 10-க்கு ஒண்ணு, 30-க்கு ஒண்ணு. கொக்கியை மட்டும் சிவப்புல பண்ணுங்க, இல்லன்னா பின்வரிசைக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது அது.